ஈரக் கூந்தலும் ஈரக் காற்றும்



கூந்தலை உலர்த்துவது ஒரு வானொலிப் பேச்சுக்கு உரிய பொருளா என்று சிலர் புன்னகை செய்யக்கூடும். திருவனந்தபுரத்தில் ஓர் ஆண்டேனும் குடியிருந்தவர்கள் அவ்வாறு புன்னகை செய்யமாட்டார்கள். இரு பருவமழைகளையும் ஏற்கும் நகரம் இது. ஜூன் முதல் தேதியை ஒட்டித் தென்மேற்குப் பருவக்காற்று இந்தியப் பெருநிலத்தில் முதலில் அடிவைப்பது கேரளக் கரையில்தான். அது போய்விட்டது என்று எண்ணித் துணிகளைக் கொடியில் போடுவதற்குள் ஐப்பசியின் வடகிழக்கு மழை வந்து சேர்ந்துவிடுகிறது. காலை ஆறு மணிக்குத் தலை முழுகிய பெண்மணி ஒருவர், ஒன்பது மணிக்கு அலுவலகப் பேருந்தில் ஏறும்பொழுதும் பின்னலுக்குள் ஈரத்தைச் சுமந்தே செல்கிறார். மாலையில் பின்னலை அவிழ்த்தால் நனைந்த கோணிப்பையின் வாடை வீசுகிறது. முந்தைய நாள் மலர் சூடியிருந்தாலோ கேட்க வேண்டியதில்லை.

இது அழகைப் பற்றிய குறை மட்டும் அன்று. ஈரத்தோடு கட்டி மூடிய கூந்தல் பூஞ்சைகளுக்கு நல்ல விளைநிலம். முடியின் மேல் சிறு மணற்பரல்களைப்போல வெண்ணிற முண்டுகளைத் தோற்றுவிக்கும் வெண்பியட்ரா என்னும் நோய், வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில், நீண்ட கூந்தலை ஈரத்தோடு முடிந்துகொள்ளும் பெண்களிடம் காணப்படுவதாக மருத்துவர் கூறுவர். பொடுகின் கதையும் ஏறக்குறைய அத்தகையதே. ஈரத்தலையால் சளி பிடிக்கும் என்று பாட்டிமார் கூறியதில் ஒரு பாதி பிழை; சளியைத் தருவது நச்சுயிரியே அன்றி ஈரம் அன்று. ஆயினும் தலையை நன்றாகத் துவட்டிக்கொண்டு வெளியே போ என்று அவர்கள் சொன்னது, காரணம் பிழையாயினும், கடைப்பிடிக்கத் தக்க சொல்தான்.

அழகு நிலையத்தில் இக்குறை அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. அங்கே அமர்ந்து எழுந்தவரின் கூந்தல் பட்டுப்போல் வழிந்து, வேரிடத்தில் சற்றே எழும்பி, நுனியில் உள்வளைந்து நிற்கிறது. அதே கருவியை விலைக்கு வாங்கி வந்து வீட்டில் இயக்கினால் தலை வைக்கோற்போராகிவிடுகிறது. கருவி ஒன்றே, விளைவு வேறு. இதன் காரணத்தை ஆராய்ந்தால் மந்திரம் ஏதும் இல்லை என்பது விளங்கும்.

முதலில் முடியின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். முடி என்பது கெராட்டின் என்னும் புரதத்தாலான நார். அதன் மேற்புறம், ஓட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதுபோல, மெல்லிய செதில்களால் வேயப்பட்டிருக்கிறது. ஓடுகளின் வாய் நுனியை நோக்கியிருக்கும். உள்ளிருக்கும் புரதச் சங்கிலிகளை இரு வகைப் பிணைப்புகள் பற்றியிருக்கின்றன. கந்தக அணுக்களால் ஆன பிணைப்பு வலியது. நீராலோ மிதமான சூட்டாலோ அது அசையாது. மற்றொன்று நீரகப் பிணைப்பு. இது எண்ணிக்கையில் மிகுதி, வலிமையில் மெலிவு. முடி நனைந்தவுடன் இப்பிணைப்புகள் விடுபடுகின்றன. உலரும்பொழுது மீண்டும் பூட்டிக்கொள்கின்றன. எந்த வடிவில் முடி இருக்கும்பொழுது அவை பூட்டிக்கொள்கின்றனவோ அந்த வடிவமே அடுத்த முழுக்கு வரை நிற்கும். அழகு நிலையத்தின் வித்தை முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிடும். ஈரமான முடியை வேண்டிய வடிவில் பிடித்து, அவ்வடிவிலேயே உலர்த்தி, அவ்வடிவிலேயே குளிரவும் விடுகிறார்கள். நாமோ உலர்த்தி முடித்த பிறகு வடிவத்தைத் தேடுகிறோம்.

முடிக்கும் நீருக்கும் உள்ள உறவு இத்தனை நெருக்கமானது என்பதை முதலில் அளந்து காட்டியவர் ஜெனீவா நகரத்து அறிஞர் சோசூர். 1783-இல் அவர் வெளியிட்ட நூலில், எண்ணெய்ப் பசை நீக்கிய ஒரு மனித முடியைக் கொண்டு காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியை விளக்கினார். வறண்ட காற்றிலிருந்து நீராவி நிறைந்த காற்றுக்குக் கொண்டு சென்றால் முடியின் நீளம் ஏறக்குறைய 2 முதல் 2.5 சதவீதம் வரை கூடுகிறது. அந்நீட்சி ஒரு முள்ளை நகர்த்துகிறது. உலகெங்கும் வானிலை ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலம் பயன்பட்ட ஈரமானிகள் இந்த வழியில் வந்தவையே. திருவனந்தபுரத்திலும் ஒரு பழைய ஆய்வுக்கூடம் உண்டு. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் நிறுவி, கால்டிகாட் என்னும் ஆங்கிலேயரைத் தலைவராக அமர்த்திய வானாய்வுக்கூடம் அது. நகரின் நடுவே ஒரு குன்றின்மேல் இன்றும் நிற்கிறது. ஆனால் இவ்வூரில் காற்றின் ஈரத்தை அறியக் குன்றேற வேண்டியதில்லை. ஒவ்வொருவர் தலையிலும் இலட்சத்தை நெருங்கிய ஈரமானிகள் இருக்கின்றன. கிழக்கேகோட்டையில் பேருந்துக்காகக் காத்துநிற்கும் கால் மணிப் பொழுதில் நெற்றியோரத்து முடிகள் நெளிந்து எழுந்துவிட்டால், அன்று மழை உண்டு என்று துணிந்து குடையை எடுத்துச் செல்லலாம்.

இனி, உலர்த்துதல் ஏன் இங்கே இத்தனை கடினமாயிற்று என்பது. மழைக் காலத்தில் இந்நகரத்துக் காற்று, தான் ஏற்கக்கூடிய நீராவியில் 80 சதவீதத்துக்கும் மேல் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டு வயிறு நிறைந்த விருந்தாளியைப்போல் இருக்கிறது. மேலும் பரிமாறினால் எப்படி உண்ணும்? மின்விசிறியின் கீழ் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் அதே நிறைந்த காற்றுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. அக்காற்றைச் சற்றுச் சூடாக்கினால் நிலைமை மாறிவிடும். 80 சதவீத ஈரப்பதத்தோடு 30 பாகை சென்டிகிரேடில் இருக்கும் காற்றை 50 பாகைக்குக் கொண்டுபோனால், அதில் உள்ள நீராவி ஒரு துளியும் குறையாதிருக்கவே, ஈரப்பதம் 27 சதவீத அளவுக்கு இறங்கிவிடுகிறது. ராஜஸ்தானத்து நண்பகலின் வறட்சி அது. ஆதலால் கருவியின் வெப்பம் கூந்தலைச் சுடுவதற்காக அன்று, காற்றைப் பசியுள்ளதாக்குவதற்காக. இதை உணர்ந்தவர் கருவியைத் தலையில் வைத்து அழுத்தமாட்டார்.

எவ்வளவு தொலைவில் பிடிப்பது என்பதற்கும் ஆராய்ச்சியின் துணை இருக்கிறது. தென்கொரியத் தலைநகர் சியோலில் ஓர் ஆய்வுக்குழு 2011-இல் வெளியிட்ட கட்டுரை நம் பொருளுக்கு மிகப் பொருந்துவது. முடிக்கற்றைகளைப் பல தொலைவுகளில் உலர்த்திப் பார்த்தனர். 15 சென்டிமீட்டர் தொலைவில் முடியின் மேல் 47 பாகை. 10 சென்டிமீட்டரில் 61. 5 சென்டிமீட்டரில் 95. அருகே போகப்போக மேற்செதில்கள் வெடித்தும் பிளந்தும் சிதைந்தன. இது யாரும் எதிர்பார்க்கக்கூடியதே. எதிர்பாராதது மற்றொன்று. வெப்பமே காட்டாது இயல்பாக உலரவிட்ட கற்றைகளில், மேற்செதில் கெடாதிருந்த போதிலும், செல்களை ஒட்டவைத்திருக்கும் உட்படலம் பழுதடைந்திருந்தது. நீண்ட நேரம் நீரில் ஊறிப் பருத்து நிற்பதும் முடிக்குக் கேடுதான் போலும். 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் கருவியை அசைத்துக்கொண்டே இருந்தால், தானாக உலரவிடுவதைவிடத் தீங்கு குறைவு என்பது அவர்கள் முடிவு. ஒரே ஓர் ஆய்வை வேதவாக்காகக் கொள்ளுதல் தகாது. எனினும் மழைக்காலம் முழுதும் ஈரத்தலையோடு திரிவதே இயற்கை நெறி என்று வாதிடுவோர் இதைக் கருத வேண்டும்.

நம் முன்னோரும் வெப்பக் காற்றை அறியாதவர் அல்லர். சங்கநூல்களிலும் சிலப்பதிகாரத்திலும் அகிற்புகை ஊட்டிய கூந்தல் பேசப்படுகிறது. நம் வீடுகளில் தூபக்காலில் தணலிட்டுச் சாம்பிராணி தூவி, மேலே மூங்கிற்கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கூந்தலைப் பரப்பிப் படுத்திருந்த வழக்கத்தை நாற்பது வயது கடந்தவர்கள் நேரில் கண்டிருப்பர். அக்கூடை எவ்வளவு அறிவுடன் அமைந்தது என்பதை இன்று எண்ணிப் பார்க்கலாம். தணலுக்கும் கூந்தலுக்கும் இடையே வேண்டிய தொலைவைக் கூடையின் உயரம் காத்தது. பின்னல் இடைவெளி காற்றைப் பரப்பியது. முடி கற்றையாகக் குவியாமல் விரிந்து கிடந்தது. திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலைத் தெருக்களின் பழைய வீடுகளில் இவ்வழக்கம் இருந்தது. சாலைக் கடைத்தெருவில் இன்றும் சாம்பிராணி எளிதில் கிடைக்கிறது. ஆயினும் வெளியூர் அடுக்குமாடி வீடுகளில், கதவும் சன்னலும் அடைத்த அறைக்குள் கரித்தணல் வைத்துக்கொள்வதை நாம் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டோம். மணமும் நிறமும் அற்ற நச்சுவாயு ஒன்று அதிலிருந்து எழுகிறது. வட இந்தியக் குளிர்காலங்களில் அதனால் உயிர் இழந்தோர் பற்றிய செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. குழந்தைகளுக்கும் இழுப்பு நோயாளிகளுக்கும் புகையே தீங்கு.

ஐரோப்பாவில் இதற்கெனக் கருவி வந்தது 1890-ஆம் ஆண்டை ஒட்டித்தான். கோதெஃப்ருவா என்னும் பிரெஞ்சுச் சிகையலங்காரர் தம் கடையில் ஒரு பெரிய குழாய் அமைப்பை வைத்தார். வாடிக்கைப் பெண்மணி அதன் கீழ் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். கையில் பிடிக்கும் கருவிகள் 1920-ஐ ஒட்டி வந்தன. அவை கனத்தன, தந்த வெப்பமோ சொற்பம். அதற்கு முன்னர் மேனாட்டு இல்லத்தரசிகள் சிலர் தூசு உறிஞ்சும் கருவியின் பின்புறக் குழாயில் தலையை உலர்த்திக்கொண்டனராம். அடுக்களைப் பொருளை எதற்கெல்லாமோ பயன்படுத்தும் நம் வீட்டாருக்கு இது வியப்பைத் தராது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, இப்பொருளில் வரும் சொற்களைச் சிறிதாவது தொடாமல் போவது இயலாது. ஷாம்பு என்னும் சொல்லை ஆங்கிலம் என்று எண்ணித் தமிழாக்கத் துடிப்போர் பலர். அது இந்துஸ்தானி மொழியில் அமுக்குதல், பிடித்துவிடுதல் என்னும் பொருளுடைய ஒரு வினையிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. பட்னாவில் 1759-இல் பிறந்த சேக் தீன் முகமது என்பவர் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரை நகரில் நீராவிக் குளியலும் உடல் பிடித்தலும் அளிக்கும் நிலையம் நடத்தி, இரு மன்னர்களுக்கு அப்பணி செய்யும் சிறப்பையும் பெற்றார். பிடித்துவிடுதலைக் குறித்த சொல் பின்னர் தலை கழுவுதலைக் குறித்து, இறுதியில் சிறு பொட்டலமாக நம் ஊர்ப் பெட்டிக்கடைகளுக்குத் திரும்பி வந்தது. அப்பொட்டலங்களைப் பரப்பியதில் கடலூருக்கு ஒரு பெரும் பங்கு உண்டு.

அதனினும் நமக்கு இனிய சொல் ஒன்று இருக்கிறது. மலையாளத்தில் துவட்டும் துண்டுக்குத் தோர்த்து என்று பெயர். மழை ஓய்ந்தது என்பதற்கும் மழை தோர்ந்தது என்றே இங்குள்ளோர் சொல்வர். தமிழில் துவர்தல் என்றால் ஈரம் புலர்தல். துவர்த்துதல் என்றால் ஈரத்தைப் போக்குதல். நாஞ்சில் நாட்டார் இன்றும் துண்டைத் துவர்த்து என்றே வழங்குகின்றனர். வானம் துவர்ந்தாலும் தலை துவர்ந்தாலும் சொல் ஒன்றுதான். 1956 நவம்பர் முதல் தேதி ஒரு கோடு கிழிக்கப்பட்டுக் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. துவர்த்து என்னும் சொல்லோ கோட்டின் இருபுறமும் காய்ந்துகொண்டிருக்கிறது.

சொல் மட்டும் அன்று, அத்துண்டும் நம்மோடு தொடர்புடையது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் பாலராமபுரம் என்னும் கைத்தறி ஊர் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை ஆண்ட பலராம வர்மா மகாராஜா காலத்தில் தமிழ் பேசும் பகுதிகளிலிருந்து குடியமர்த்தப்பட்ட சாலியர் நெசவாளர்களால் வளர்ந்த ஊர் அது. அரண்மனைக்கு மெல்லிய ஆடை நெய்யச் சென்றவர்கள் ஊர்த்தலைகளைத் துவட்டும் துணியையும் நெய்தனர். வேற்றூருக்குக் குடிபெயர்ந்த தமிழரின் கைவேலை அவ்வூரின் பெருமையாகவே ஆகிவிட்ட வரலாறு இது. நேயர்கள் தத்தம் ஊர்களில் இதை நினைத்துக்கொள்ளலாம்.

மெல்லிய கைத்தறித் துவர்த்தே கூந்தலுக்கு ஏற்றது என்பது நம் துணிபு. மொத்தையான பூத்துவாலையின் நூல் வளையங்கள் செதில்களின் வாயில் கொக்கிபோல் மாட்டி இழுக்கின்றன. ஈரமுடி பருத்து இளகியிருக்கும் நேரத்தில் தேய்ப்பது, ஓட்டுக் கூரைமேல் நடப்பதற்குச் சமம். மேலும் மழைநாளில் மொத்தைத் துவாலை தானே காய்வதில்லை. தானே காயாதது பிறரை எப்படிக் காயவைக்கும்? மெல்லிய துவர்த்துகள் இரண்டு வேண்டும். முதல் துண்டால் கூந்தலைச் சுற்றி, பிழியாமலும் தேய்க்காமலும் கைகளால் ஒற்ற வேண்டும். அது நனைந்தவுடன் இரண்டாவது துண்டைச் சுற்றிக் கால் மணி விட்டுவிடலாம். இதற்குள் காப்பியும் ஆகிவிடும், செய்தி அறிக்கையும் முடிந்துவிடும்.

வீட்டில் செய்வோர் பெரும்பாலும் கெடுத்துக்கொள்வது இவ்விடத்தில்தான். சொட்டச்சொட்ட நனைந்த முடியின்மேல் முழுவேகச் சூட்டைக் காட்டுகின்றனர். முடிக்குள் புகுந்த நீர் மிகுசூட்டில் ஆவியாகி வெளியேற வழியின்றிக் குமிழ்களை உண்டாக்குகிறது. அவ்விடங்களில் முடி பின்னர் ஒடிந்து விழுகிறது. குமிழ்முடி என்றே மருத்துவ நூல்கள் இதற்குப் பெயரிட்டுள்ளன. எனவே முக்கால் பங்கு ஈரம் துண்டாலும் விசிறியாலும் போகவேண்டும். மலையாள நாட்டுப் பெண்கள் இந்நேரத்தில் குளிப்பின்னல் என்று ஒன்று போட்டுக்கொள்வர். இரு காதோரங்களிலும் சில இழைகளை மட்டும் எடுத்துப் பின்புறம் தளரப் பின்னி முடிந்து, எஞ்சிய கூந்தல் முழுவதையும் விரித்துவிடுதல். முகத்தில் விழாது, காற்றும் புகும். அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிறுகச் சிறுகச் சிக்கெடுத்தால் அடுத்த வேலைக்குக் கூந்தல் ஆயத்தம்.

இப்பொழுதுதான் கருவி. கூந்தலை நான்கு பகுதியாக வகிர்ந்து மூன்றைக் கிளிப்பிட்டு ஒதுக்க வேண்டும். பிடரியில் தொடங்குவது வழக்கம். ஆயினும் நெற்றியோரத்து இழைகள் தாமாக முந்தி உலர்ந்து கோணிக்கொள்ளும் ஆதலால் அவற்றை மட்டும் முதலில் முடித்துவிடுவது புத்திசாலித்தனம். இரண்டு விரல் அகலக் கற்றை ஒன்றை எடுத்து, அதன் அடியில் உருண்டைப் பிரஷ்ஷை வைத்து, சற்றே விறைப்பாக இழுத்துப் பிடித்து, கருவியின் தட்டை வாயை வேரிலிருந்து நுனி நோக்கிச் சாய்த்து நகர்த்திக்கொண்டே வரவேண்டும். காற்று ஓடுகளின் சரிவோடு செல்லும்பொழுது செதில்கள் படிந்து ஒளியைச் சீராகத் திருப்புகின்றன. பளபளப்பு என்பது அவ்வளவுதான். எதிர்த் திசையில் ஊதினால் அவை எழும்பிவிடும். பலர் தலையைச் சுற்றிக் கருவியை ஆட்டி நாற்புறமும் ஊதிவிட்டு, அழகு நிலையத்தில் ஏதோ விலையுயர்ந்த பூச்சு பூசுகிறார்கள் என்று ஐயுறுகின்றனர். அங்கே பூசியது பெரிதன்று. பிடித்த திசையே பெரிது. கருவியோடு வரும் அத்தட்டை வாயை, வாங்கிய அன்றே பெட்டிக்குள் போட்டுப் பரண்மேல் வைத்துவிடும் வழக்கமும் நம்மிடையே இருக்கிறது.

கற்றை உலர்ந்தவுடன் பிரஷ்ஷை உருவிவிடக் கூடாது. சூடாக இருக்கும் முடி இன்னும் இளகிய நிலையில் இருக்கிறது. நுனியைப் பிரஷ்ஷில் சுற்றியவாறே குளிர்காற்றுப் பொத்தானை அழுத்திப் பத்து எண்ணும் அளவு நிறுத்த வேண்டும். வார்த்த அச்சை உலோகம் இறுகுமுன் திறவாதது போன்றது இது. வேரிடத்தில் எழும்பி நிற்க வேண்டுமாயின் அக்கற்றையை அது விழும் திசைக்கு எதிராகத் தூக்கிப் பிடித்து உலர்த்தினால் போதும். எல்லாம் முடிந்த பின்பு, இரண்டு மூன்று துளித் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனிகளில் மட்டும் தடவினால், ஈரக்காற்று உட்புகுவது சற்றுத் தாமதமாகும். தேங்காயெண்ணெய் முடியினுள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது, கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை என்று ரேலே, மொகிலே என்னும் இருவர் 2003-இல் எழுதிய ஆய்வுரை புகழ்பெற்றது. அவ்விருவரும் தேங்காயெண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தினர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை. ஆயினும் அம்முடிவு கேரளத்துப் பாட்டிமாருக்கு வியப்பாக இராது.

இவ்வளவும் செய்தாலும் இந்நகரில் அவ்வடிவம் எத்தனை நேரம் நிற்கும்? நீரகப் பிணைப்பை நீர்தான் திறக்கும் என்று சொன்னோம். காற்றிலுள்ள ஈரமும் நீர்தான். ஆடி மாதத்தில் மாலை வரை நின்றால் பெரிது. அழகு நிலையத்தில் பணம் கொடுத்துச் செய்துகொண்டதும் அதே காற்றில்தான் வெளியே வரவேண்டும். அதற்கெனத் தனி வானிலை இல்லை.

இந்தக் குறையைத்தான் ஒரு சாரார் வணிகமாக்கியிருக்கின்றனர். மாதக் கணக்கில் மழைக்கும் கலையாத நேர்முடி தருவதாகக் கூறிக் கெராட்டின் சிகிச்சை என்னும் பெயரில் ஒரு பூச்சைப் பூசிச் சூட்டுக்கோலால் தேய்க்கின்றனர். அப்பூச்சுகளில் பலவற்றிலிருந்து சூட்டில் வெளிப்படுவது ஃபார்மால்டிஹைடு. ஆய்வுக்கூடங்களில் உடல்களைக் கெடாமல் காக்கும் கரைசலில் இருக்கும் பொருள் அது. அது மனிதருக்குப் புற்றுநோய் தரவல்லது என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் அறிவித்தது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலம் கலந்த பூச்சுகளுக்குப் பின்னர் இளம்பெண்களுக்குச் சிறுநீரகம் தாக்குண்ட செய்திகளை 2023, 2024 ஆண்டுகளில் மருத்துவ இதழ்கள் வெளியிட்டன. பூசிக்கொள்பவர் ஆண்டுக்கு இருமுறை அப்புகையைச் சுவாசிக்கிறார். பூசுகின்ற பெண்ணோ நாள்தோறும் சுவாசிக்கிறாள். அப்பெண் பெரும்பாலும் இளவயதினள். அறை குளிர்சாதனத்துக்காக அடைக்கப்பட்டது. திருமணத்தை முன்னிட்டு மகளை அழைத்துச் செல்லும் தாய்மார் பெயரை மட்டும் கேட்டுத் திருப்தியடையாமல் புட்டியின் பின்புறத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

நேர்முடிதான் அழகு என்பது எவ்விடத்துத் தீர்ப்பு என்று கேட்கவும் நமக்குத் தோன்றுகிறது. கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா, முல்லைப்பூச் சூடும் நாயர் மங்கை ஒருத்தியை வரைந்து 1873-இல் சென்னைக் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்றார். அவர் படங்களில் வரும் பெண்களின் கூந்தல் அலையலையாகத்தான் இறங்குகிறது. சுருள்முடி உடையவர்கள் அதை இழுத்து நிமிர்த்தாமல் சுருளாகவே உலர்த்தலாம். அதற்குப் பிரஷ் வேண்டாம். கருவியின் வாயில் பொருத்தும் துளைகள் கொண்ட அகன்ற கிண்ணம் வேண்டும். தலையைக் குனிந்து, சுருள்களை அக்கிண்ணத்தில் ஏந்தி, குறைந்த வேகத்தில் காட்டினால், காற்று சிதறிச் சுருள் கலையாமல் உலரும். மழைக்காற்றோடு சண்டையிடாத முறை அதுவே. மாலையில் கலைந்தாலும் கலைந்தது தெரியாது.

வடக்கே இருக்கும் நேயர்களின் துன்பம் வேறு. தில்லியின் தை மாதத்தில் காற்று வறண்டு, சீப்பு பட்டவுடன் முடி மின்னேறி மயிர்க்கூச்செறிந்தாற்போல் நிற்கும். அங்கே முற்றும் உலர்த்துவதே பிழை. சிறிது ஈரம் எஞ்சும்பொழுதே நிறுத்தி எண்ணெய்த் துளியைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். திருவனந்தபுரத்தார் கரமனையாற்றின் அருவிக்கரை நீரில் குளிக்கின்றனர், அது மென்னீர். ஆழ்துளைக் கிணற்றுக் கடுநீரில் குளிப்போருக்குச் சுண்ணச்சத்து முடியில் படிந்து சொரசொரப்பாகும். கடைசிக் குவளைக்கு மட்டுமாவது மழைநீரோ வடித்த நீரோ கிடைத்தால் வேறுபாட்டைக் கையால் தடவியே அறியலாம். மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருப்போர்க்கு நம் ஊர் முறையே பெரும்பாலும் பொருந்தும்.

மின்செலவைப் பற்றி மாமியார்மார் கேட்கும் கேள்விக்கு விடை: 1200 வாட் கருவி பத்து நிமிடம் ஓடினால் செலவாவது ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதைவிடக் கவலைக்குரியது குளியலறை. ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்று இக்கருவியைத் தொடக்கூடாது. கருவியின் பொத்தானை அணைத்திருந்தாலும் சுவரில் மின்னோட்டம் இருக்கும் வரை அது உயிருள்ள பாம்புதான். வாளி நீரில் விழுந்தால் கையை விட்டு எடுக்க முனையாமல் சுவர் விசையை முதலில் அணைக்க வேண்டும். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் காப்புக்கருவி வீட்டில் இருக்கிறதா என்று வாடகைக்குக் குடிபோகும் நாளிலேயே பார்த்துக்கொள்வது நலம். கருவியின் பின்புறத்தில் காற்றை உள்ளிழுக்கும் சல்லடையில் முடியும் பஞ்சும் சேர்ந்து அடைத்தால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் அளவுக்கு மீறிக் காயும். கருகிய வாடை அதன் அறிகுறி. திங்களுக்கு ஒருமுறை, சுவரிலிருந்து கழற்றிய பின், பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றால் அச்சல்லடையைத் தட்டித் துடைத்துவிடலாம்.